விலையை யார் சொல்வது?

சேலம், நாமக்கல் சமவெளியின் சிறுதொழில்கள் விற்கக் கற்றுக்கொண்ட கதை

நவராத்திரி வந்துவிட்டால் மும்பையிலும் புனேயிலும் இந்தூரிலும் வீட்டுக்கு வீடு சாபுதானா கிச்சடி மணக்கும். விரதம் இருப்பவர்கள் அரிசியையும் கோதுமையையும் தொடமாட்டார்கள், ஜவ்வரிசிக்குத் தடை இல்லை. அந்த ஜவ்வரிசியில் பெரும்பகுதி ஆத்தூர், தலைவாசல், ராசிபுரம், நாமகிரிப்பேட்டைப் பக்கம் விளைந்த குச்சிக்கிழங்கிலிருந்து, அதாவது மரவள்ளியிலிருந்து வந்தது என்பது அடுப்படியில் நிற்கும் அந்த அம்மாவுக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை. ஆனால் அந்த அம்மாவைப் பற்றி ஆத்தூர் ஆலைக்காரருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவர் எப்போது வாங்குகிறார், எந்த நிறத்தைப் பார்த்து வாங்குகிறார், ஊறவைத்தால் மணி உடைகிறதா, கடையில் என்ன விலை கொடுக்கிறார்? இது எதுவும் தெரியாமல் மூட்டை மூட்டையாக அனுப்புகிறவருக்கு, நடுவில் இருக்கும் வியாபாரி சொல்வதுதான் விலை.

இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் செய்யத் தெரியாத பொருள் குறைவு. நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டுகிறார்கள். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் நாடு முழுக்க ஆழ்துளைக் கிணறு போடுகின்றன. செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு, இளம்பிள்ளையில் சேலை, ஆட்டையாம்பட்டியில் கை முறுக்கு. ஆனால் 'மார்க்கெட்டிங்' என்று பேச்செடுத்தால் பலரும் ஒரு அடி பின்னால் போவார்கள். அதெல்லாம் எம்.பி.ஏ. படித்தவர்கள் வேலை, நமக்குத் தொழில்தான் தெரியும் என்பார்கள். அவர்கள் மனதில் மார்க்கெட்டிங் என்றால் சேலம் ஐந்து ரோட்டில் வைக்கிற பிளெக்ஸ், லோக்கல் சேனலில் ஓடுகிற விளம்பரம், கடைத் திறப்புக்கு வருகிற சின்னத்திரை நடிகை.

இதே மண்ணில் அந்தப் படிப்பே இல்லாதவர்கள் சந்தையைப் படித்த கதைகள் இருக்கின்றன. சில வெற்றி, சில அரைகுறை. எல்லாவற்றிலும் முதல் கேள்வி ஒன்றுதான்: என் பொருளுக்கு விலை சொல்வது யார்?

முட்டைக்கு முகவரி

இன்று நாமக்கல் மண்டலத்தில் நாளொன்றுக்கு ஐந்து கோடி முட்டைக்குக் குறையாமல் உற்பத்தியாகிறது. நாமக்கல் முட்டை விலை என்று பத்திரிகைகள் அன்றாடம் செய்தி போடுகின்றன. நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் நிலைமை வேறு. கோழிக்குத் தீவனம் போட்டு, நோய் பார்த்து, முட்டையை அட்டையில் அடுக்கி வைத்துவிட்டுப் பண்ணைக்காரர் வியாபாரியின் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பார். முட்டை நெல்லைப் போல் குதிரில் கொட்டி வைக்கும் பொருள் இல்லை. இன்று விற்காவிட்டால் நாளை இன்னொரு லோடு சேர்ந்துவிடும். அந்த அவசரம் வியாபாரிக்கு நன்றாகத் தெரியும். 1980-களின் தொடக்கத்தில் உற்பத்திச் செலவைவிட முட்டை விலை கீழே போனது. நாடு முழுக்கப் பண்ணைகள் மூடப்பட்டன.

அந்த நேரத்தில் ஊர் ஊராகப் போய்ப் பண்ணைக்காரர்களைக் கூட்டிப் பேசியவர் டாக்டர் பி.வி. ராவ். வெங்கடேஸ்வரா ஹேச்சரீஸை 1971-இல் தொடங்கியவர். கோழி வளர்ப்புதான் அவருக்குத் தெரிந்த துறை. விளம்பரத் துறையைச் சேர்ந்தவர் அல்லர். அவர் பேசியதன் சாரம், 'என் முட்டை, என் விலை, என் வாழ்க்கை' என்ற முழக்கம். 1982-இல் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு பிறந்தது. நம் ஊரில் எல்லோரும் 'நெக்' என்று சொல்வது இதைத்தான். மண்டலம் மண்டலமாகப் பண்ணைக்காரர்களே கூடி விலை அறிவிப்பது, அதைப் பத்திரிகைக்குக் கொடுப்பது, தேங்கினால் முட்டையை வாங்கிக் குளிர்பதனக் கிடங்கில் வைப்பது என்று வேலை தொடங்கியது.

அடுத்து செய்ததுதான் இந்தக் கட்டுரைக்கு முக்கியம். ஞாயிறானாலும் திங்களானாலும் தினம் ஒரு முட்டை சாப்பிடச் சொல்லி, தூர்தர்ஷன் காலத்தில் இந்தி தெரியாதவர்கள்கூட முணுமுணுத்த விளம்பரம் ஒன்று வந்ததே, அது இந்தக் குழுவினுடையது. அதில் எந்தப் பண்ணையின் பெயரும் இல்லை. நாமக்கல் முட்டை, ஹைதராபாத் முட்டை என்ற பேதமும் இல்லை. மொத்த முட்டைக்கும் மொத்தப் பண்ணைக்காரர்களும் சேர்ந்து கொடுத்த விளம்பரம். ஆயிரம் கோழி வைத்திருப்பவர் தனியாக டிவி விளம்பரம் கொடுத்தால் கோழியை விற்றுத்தான் பில் கட்ட வேண்டும். எல்லோரும் சேர்ந்தால் ஒரு முட்டைக்கு விழும் செலவு கண்ணுக்கே தெரியாது. ஒரே பொருளைச் செய்யும் நூறு பேர் பக்கத்து வீட்டுக்காரரோடு விலையில் மோதுவதைவிட, அந்தப் பொருளை வாங்குகிறவர் எண்ணிக்கையைக் கூட்டுவது லாபம். இதை எழுதிவைத்த பாடப்புத்தகங்கள் இருக்கலாம். நாமக்கல்காரர்கள் நஷ்டத்தில் கற்றார்கள்.

அரசும் பெரிய வாடிக்கையாளராக வந்தது. எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டம் தொடங்கியது அதே 1982-இல். ஆனால் தட்டில் முட்டை விழுந்தது 1989-இல், கருணாநிதி ஆட்சியில். அப்போது இரண்டு வாரத்துக்கு ஒன்று. படிப்படியாக ஏறி 2010-இல் வாரத்துக்கு ஐந்தானது. குழந்தைகளின் ஊட்டச்சத்துக்காக எடுத்த முடிவு நாமக்கல் பண்ணைகளுக்கு நிலையான சந்தையாகவும் ஆனது.

கதை இதோடு சுபம் என்று நினைக்க வேண்டாம். நாமக்கல்லில் 'மைனஸ்' என்று ஒரு சொல் உண்டு. குழு அறிவிக்கிற விலை ஒன்று. அதிலிருந்து இத்தனை காசு குறைத்துத்தான் எடுப்பேன் என்று வியாபாரி சொல்வது மைனஸ். தேக்கம் கூடினால் மைனஸ் கூடும். மைனஸுக்கு விற்காதீர்கள் என்று குழு கேட்டுக்கொள்வதும், சில நாள் கட்டுப்பாடாக இருப்பதும், பிறகு யாரோ ஒருவர் ரகசியமாக இறங்கி விற்பதும் இங்கே வழக்கம். பேப்பரில் வருகிற விலை கைக்கு வரும் விலை ஆகாததற்குக் காரணம் வியாபாரி மட்டும் அல்லர். ஒற்றுமை பண்ணை வாசலோடு நின்றுவிடுகிறது.

2006 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தின் நவாபூரில் பறவைக் காய்ச்சல் வந்தபோது, நோய் எட்டிக்கூடப் பார்க்காத ஊர்களில் எல்லாம் முட்டையும் கோழியும் விற்காமல் கிடந்தன. அறிக்கைகள் எடுபடவில்லை. நாட்டின் பல ஊர்களில் பொது இடத்தில் பந்தல் போட்டு, சமைத்து, அமைச்சர்களையும் அதிகாரிகளையும் மக்கள் முன்னால் சாப்பிட வைத்தார்கள். பயத்தைத் தெளியவைக்க அவர்கள் சாப்பிடுவதைக் கண்ணால் பார்க்க வேண்டியிருந்தது. 2024-இல் இன்னொரு பாடம். முட்டை 60 கிராமாவது இருக்க வேண்டும் என்று கத்தார் கட்டுப்பாடு கொண்டுவந்தது. நம் முட்டை பெரும்பாலும் அதற்குக் கீழே. உள்ளூரில் யாரும் முட்டையை எடை போட்டு வாங்குவதில்லை. தூரத்துச் சந்தைக்குப் போகிறவர் அந்த ஊர்த் தராசில் நின்றாக வேண்டும்.

வெள்ளை கேட்டது யார்?

ஜவ்வரிசியின் கதை இன்னும் பழையது. இரண்டாம் உலகப் போரில் மலாயாவிலிருந்தும் ஜாவாவிலிருந்தும் வந்துகொண்டிருந்த சரக்கு நின்றது. சேலத்தைச் சேர்ந்த மாணிக்கம் செட்டியார் வியாபார வேலையாகக் கேரளம் போய்வருகிறவர். அங்கே மலாயாவிலிருந்து வந்திருந்த போபட்லால் ஷாவைச் சந்தித்தார். மரவள்ளி மாவிலிருந்து ஜவ்வரிசி செய்யலாம் என்பது ஷாவுக்குத் தெரியும். 1943-இல் சேலத்தில் கை வேலையாகத் தொழில் தொடங்கியது. பிறகு வெங்கடாசலக் கவுண்டர் என்ற மெக்கானிக் இயந்திரங்களை வடிவமைத்து உற்பத்தியைப் பல மடங்கு ஆக்கினார். இன்னதுக்குத் தட்டுப்பாடு என்று கண்டவர் ஒருவர், செய்முறை தெரிந்தவர் ஒருவர், இயந்திரம் கட்டியவர் ஒருவர். மூவரும் சேர்ந்ததில் ஒரு மாவட்டத்துக்கே தொழில் கிடைத்தது.

ஆனால் வாங்குகிறவர்கள் அத்தனை பேரும் வடக்கே. ஆலைக்காரர்களுக்கு இந்தி தெரியாது. சரக்கை வைத்திருக்கக் கிடங்கு இல்லை, கிழங்கு வாங்கக் கைமுதல் இல்லை. கமிஷன் ஏஜென்ட் முன்பணம் கொடுப்பார், அவர் சொன்ன விலைக்கு மூட்டை போகும். அதிலிருந்து வெளியே வரத்தான் 1981-இல் 'சேகோசர்வ்' கூட்டுறவுச் சங்கம் பதிவானது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் வேலை தொடங்கியது. சேலம் ஜாகீர் அம்மாபாளையத்தில் இருக்கிறது. முந்நூறுக்கும் மேற்பட்ட ஆலைகள் உறுப்பினர்கள்.

அதன் ஏற்பாடு எளிமையானது. ஆலைக்காரர் மூட்டையைச் சங்கக் கிடங்கில் இறக்குவார். சரக்கின் மேல் கொஞ்சம் முன்பணம் கிடைக்கும். மாதிரியைப் பார்த்து வியாபாரிகள் ரகசிய டெண்டர் போடுவார்கள். யார் என்ன விலை போட்டார் என்பது மற்றவருக்குத் தெரியாது. அதிக விலை எழுதியவருக்குச் சரக்கு. விலை பிடிக்காவிட்டால் ஆலைக்காரர் கொடுக்க மறுக்கலாம். அந்த மறுக்கிற உரிமை சாதாரணமானது இல்லை. கைமுதலும் கிடங்கும் இல்லாதவரால் 'வேண்டாம்' என்று சொல்ல முடியாது. சிறுதொழில் ஆலோசகர்கள் பேச்சுத்திறனைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். பேரம் பேச முதலில் தேவை, நாலு நாள் தாங்குகிற பலம்.

சங்கம் வந்தும் தீராத சிக்கல் ஒன்று, வெள்ளை. வடக்கே பால் வெள்ளையாக இருந்தால்தான் நல்ல ஜவ்வரிசி என்ற எண்ணம் பரவியிருந்தது. மரவள்ளி மாவில் இயல்பாக வருவது சற்று மங்கிய நிறம். தோலை முழுக்க உரிக்காமல் அரைத்தால் இன்னும் மங்கும். வெள்ளைக்கு விலை கூட என்றதும் சில ஆலைகள் ரசாயனத்தில் வெளுத்தன. மக்காச்சோள மாவைக் கலந்த புகார்களும் வந்தன. உணவுப் பாதுகாப்புத் துறை சோதனை போட்டு மூட்டைகளைப் பறிமுதல் செய்த செய்திகள் வடநாட்டு வாடிக்கையாளர் காதுக்கும் போயின. நல்லபடியாகச் செய்த ஆலைக்காரரும் சேர்ந்து பெயர் கெட்டார்.

சந்தை என்ன கேட்கிறதோ அதைக் கொடு என்பார்கள். என் கருத்தில் அது பாதிப் பாடம். அந்த வெள்ளையைக் கேட்டது கிச்சடி செய்கிறவரா, கடைக்காரரா, நடுவில் இருந்த வியாபாரியா என்று யாரும் போய் விசாரிக்கவில்லை. மங்கிய நிறம்தான் இயல்பான நிறம் என்று வாங்குகிறவருக்குச் சொல்லும் வேலையை எவரும் காலத்தில் செய்யவில்லை. சொல்லியிருந்தால் செலவு கொஞ்சம்தான். 2023-இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அதை அந்த வேலையின் தொடக்கமாக வைத்துக்கொள்ளலாம். மூட்டை மேல் குறியீட்டை அச்சடிப்பதோடு நின்றுவிட்டால் அது சுவரில் மாட்டிய சான்றிதழ்தான்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. ஆலைக்காரர் வியாபாரியிடம் பட்ட பாட்டை, விவசாயி ஆலைக்காரரிடம் இன்றும் படுகிறார். குச்சிக்கிழங்கை வெறும் எடைக்கு எடுப்பதில்லை. அதில் எத்தனை மாவுச்சத்து என்று 'பாயிண்ட்' பார்த்து விலை போடுகிறார்கள். பாயிண்ட் பார்க்கிற கருவி ஆலையில் இருக்கிறது, விவசாயி வெளியே லோடோடு நிற்கிறார். ஒவ்வோர் அறுவடைக்கும் பாயிண்ட் தகராறு கலெக்டர் அலுவலகம் வரை போகிறது. விலை சொல்லும் இடம் ஒரு படி மேலே ஏறியதே தவிர, தோட்டம் வரை இறங்கவில்லை.

ஓடுகிற விளம்பரப் பலகை

லாரிக்காரர்களையும் ரிக் வண்டிக்காரர்களையும் பற்றிக் கொஞ்சம். நாமக்கல்லில் பாடி கட்டிய லாரியில் பட்டறையின் பெயரும் போன் நம்பரும் எழுதியிருக்கும். அந்த லாரி காஷ்மீர் போனாலும் அஸ்ஸாம் போனாலும் பெயர் கூடவே போகிறது. தாபாவில் வண்டியை ஓரம் கட்டும் இன்னொரு டிரைவர் பாடியைத் தட்டிப் பார்த்து, பலகையின் கனத்தைப் பார்த்து, நம்பரைக் குறித்துக்கொள்வார். விளம்பரமும் சாம்பிளும் ஒன்றாகவே ஓடுகின்றன. இதைவிடச் சிக்கனமான ஏற்பாட்டை நான் எங்கும் பார்த்ததில்லை.

திருச்செங்கோட்டு ரிக்காரர்கள் மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் போர் போடுகிறார்கள். ஆப்பிரிக்கா வரை போனவர்கள் உண்டு. மொழி தெரியாத ஊரில் வேலை பிடித்துக் கொடுப்பவர் அந்தந்த ஊர் ஏஜென்ட். எந்த விவசாயிக்குத் தண்ணீர் இல்லை, யார் பணம் சரியாகக் கொடுப்பார், யார் இழுத்தடிப்பார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அடிக்கு இவ்வளவு என்று கமிஷன் பேசிக்கொள்கிறார்கள். எல்லா நடுவரும் சுரண்டல்காரர் இல்லை என்பதற்கும் இதே சமவெளியில் சான்று இருக்கிறது. வாடிக்கையாளரைப் பற்றித் தெரிந்ததைச் சொல்கிற நடுவருக்குக் கமிஷன் கொடுக்கலாம். மறைக்கிறவருக்குக் கொடுப்பதுதான் தண்டம்.

இளம்பிள்ளையின் செல்போன்கள்

கஞ்சமலை அடிவாரத்துப் பக்கம் இளம்பிள்ளை. விசைத்தறிச் சத்தம் ஓயாத ஊர். முன்பெல்லாம் இந்த ஊர்ச் சேலை ஈரோட்டு, பெங்களூரு மொத்த வியாபாரிகள் வழியாகத்தான் வெளியே போகும். எந்த ஊரில் எந்தக் கடையில் தொங்கியது என்பது நெய்தவருக்குத் தெரியாது. கேரளத்துக்காரர் கேட்கும் கலரும் ஆந்திரத்துக்காரர் கேட்கும் பார்டரும் வியாபாரி வந்து சொன்னால்தான் உண்டு.

ஸ்மார்ட்போன் வந்து இதைப் புரட்டிப் போட்டது. இன்று கடைக்குக் கடை ஒரு ஸ்டாண்டில் போன் நிற்கிறது. ஒருவர் சேலையை மடிப்பு மடிப்பாகப் பிரித்து உடல், பார்டர், முந்தானை, ரவிக்கைத் துணி என்று காட்டிக்கொண்டே போகிறார். பிடித்ததை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்கிறார். ஒரு சேலையும் தருவோம், மொத்தமாகவும் தருவோம், ரீசெல்லர்களும் வரலாம். அந்த ரீசெல்லர் பெரும்பாலும் ஏதோ ஓர் ஊரில் குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் சேலைப் படம் போடுகிற பெண். கைமுதல் இல்லை, கடை வாடகை இல்லை. விலைக்கு மேல் நூறோ நூற்றைம்பதோ வைத்து, தெரிந்தவர்களுக்கு விற்கிறார்.

வீடியோவில் பேசுகிறவர் யாரும் விளம்பரக் கலை படித்தவர் இல்லை. ஆரம்பகால வீடியோக்களில் வெளிச்சம் சரியிருக்காது, பின்னால் தறிச் சத்தம் கேட்கும். இருந்தும் விற்றது. வாங்குகிறவர் மனதில் எழும் கேள்விக்கு அங்கே பதில் இருந்ததுதான் காரணம். ரவிக்கைத் துணி கூட வருமா, எத்தனை மீட்டர், சாயம் போகுமா, பின்பக்கம் நூல் இழுக்குமா? கேள்விகள் கமென்டில் வந்து விழ விழ, அடுத்த வீடியோவில் கேட்காமலே பதில் வந்தது. சேலை ஐந்தரை மீட்டர், ரவிக்கைத் துணி எண்பது சென்டிமீட்டர் என்று மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறார்களே, அந்த வரியை எழுதிக் கொடுத்தவர்கள் வாடிக்கையாளர்கள்தாம்.

தொல்லைகளும் சேர்ந்தே வந்தன. போன் திரையில் மயில் கழுத்துக் கலர், பார்சலைப் பிரித்தால் வேறு ஏதோ கலர். சேலை திரும்பி வந்தால் இரண்டு பக்கக் கூரியர் செலவும் விற்றவர் தலையில். இன்று வீடியோவில் காட்டிய டிசைன் கொஞ்ச நாளில் சூரத்தில் இன்னும் மலிவாக வந்துவிடுகிறது என்ற புலம்பலை ஊரில் யாரைக் கேட்டாலும் கேட்கலாம். எனக்குப் பெரிய குறையாகப் படுவது வேறு. செயற்கை இழையில் நெய்ததைக் கூசாமல் 'பட்டு' என்று சொல்லி விற்கிற பழக்கம் பரவியிருக்கிறது. அசல் பட்டுக்கு மத்தியப் பட்டு வாரியத்தின் சில்க் மார்க் முத்திரை 2004 முதல் இருக்கிறது. அறுநூறு ரூபாய்க்கு அது கிடைக்காது என்பது விற்கிறவருக்குத் தெரியும், வாங்குகிறவரில் பாதிப் பேருக்குத் தெரியாது. ஜவ்வரிசிக்கு வெள்ளை செய்ததை இளம்பிள்ளைக்குப் 'பட்டு' என்ற இந்தச் சொல் செய்துவிடக்கூடாது. செயற்கை இழைச் சேலை கேவலமான பொருள் இல்லை. துவைக்க எளிது, அலுவலகத்துக்குக் கட்டிக்கொண்டு போகலாம், விலை கைக்கு அடக்கம். அதைச் சொல்லியே விற்கலாமே.

வெளியூர்க்காரர்கள் இரண்டு பேர்

சந்தையைப் படித்த வெளியூர்க்காரர் இருவரின் கதையும் இங்கே பொருந்தும். சேலத்தை அடுத்த கருமாபுரத்தில் ஹட்சன் நிறுவனத்தின் பெரிய பால் ஆலை இருக்கிறது. அந்த நிறுவனத்தைத் தொடங்கிய ஆர்.ஜி. சந்திரமோகன் 1970-இல் சென்னை ராயபுரத்தில் 13,000 ரூபாய் முதலில் குச்சி ஐஸ் செய்து தள்ளுவண்டியில் விற்றவர். சென்னையில் பெரிய பெயர்கள் கடைகளைப் பிடித்து வைத்திருந்தன. அவர்களோடு மோதாமல், அவர்கள் எட்டிப் பார்க்காத சின்ன ஊர்களுக்கு அருண் ஐஸ்கிரீமைக் கொண்டுபோனார். போட்டியாளர் சோம்பல்படுகிற இடம் எது என்று பார்த்தது அவர் சாமர்த்தியம்.

இன்னொருவர் கடலூர் சி.கே. ரங்கநாதன். 1983-இல் 15,000 ரூபாயில் சிக் ஷாம்பு தொடங்கினார். பாக்கெட் ஷாம்பு என்ற யோசனையே அவர் தந்தை சின்னி கிருஷ்ணனுடையது. கிராமங்களில் ஆளை உட்கார வைத்துத் தலைக்குத் தேய்த்துக் காட்டினார்கள். எந்தக் கம்பெனியின் காலி பாக்கெட்டானாலும் ஐந்து கொண்டுவந்தால் ஒரு சிக் இலவசம் என்றார்கள். பழகியபின், சிக் காலி பாக்கெட்டுக்குத்தான் இலவசம் என்று மாற்றினார்கள். முதலில் சொன்னது வாங்குகிறவரைத் தேடிப் பிடித்தது; பிறகு சொன்னது பிடித்தவரைத் தக்கவைத்தது. இரண்டையும் ஒரே நாளில் அறிவித்திருந்தால் திட்டம் படுத்திருக்கும்.

முறுக்குப் பாக்கெட்டின் கணக்கு

இவ்வளவு பெரிய கதைகள் எதற்கு, நான் வீட்டில் முறுக்கு சுட்டு விற்கிறேன் என்பவர்களுக்கு வருகிறேன். சேலம், நாமக்கல் பக்கம் தொழில் தொடங்கிப் படுக்கிறவர்களில் பலர் படுப்பது விளம்பரம் இல்லாததால் இல்லை. கணக்கில்தான் விழுகிறார்கள்.

ஒரு பாக்கெட் முறுக்குக்கு மாவு, எண்ணெய், கேஸ், பாக்கெட், சுடுகிறவர் கூலி எல்லாம் சேர்த்து 40 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 50 ரூபாய் போட்டால் பத்து ரூபாய் லாபம் என்று தோன்றும். கடையில் கொண்டுபோய் வைத்தால் விற்பனை விலையில் 20 சதவீதம் கடைக்காரருக்கு. அதிலேயே பத்து ரூபாய் போயிற்று. உடைந்தது, நமுத்தது, கொண்டுபோன பெட்ரோல் எல்லாம் கைநட்டம். 65 ரூபாய் போட்டால் கடைக்கு 13 போக 52 வரும். செலவு 40 போக 12. அதில் போக்குவரத்துக்கும் கழிவுக்கும் நாலு ரூபாய் ஒதுக்கினால் மீதி எட்டு. 65 ரூபாய்க்கு அந்த முறுக்கை யார் வாங்குவார்கள் என்ற கேள்வியில்தான் மார்க்கெட்டிங்கே தொடங்குகிறது. இந்தக் கணக்கில் வீட்டுப் பெண்களின் உழைப்புக்குக் கூலி எழுதாமல் விடுவது நம் ஊர் வழக்கம். எழுதாமல் விட்ட கூலிதான் லாபமாகத் தெரிகிறது.

கடன் இன்னொரு குழி. கடைக்காரர் அடுத்த லோடுக்குத் தருகிறேன் என்பார், அடுத்த லோடும் போகும். பதிவு பெற்ற குறு, சிறு உற்பத்தியாளருக்கு 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டம் சொல்கிறது. தராவிட்டால் அரசின் ஆன்லைன் தளத்தில் புகார் செய்யலாம். அதற்கு உத்யம் பதிவு வேண்டும். உத்யம் பதிவுக்குக் கட்டணமே கிடையாது. ஆயிரம், இரண்டாயிரம் கேட்கிற புரோக்கரிடம் போகாதீர்கள். சிறிய உணவுத் தொழிலுக்கு உணவுப் பாதுகாப்பு அடிப்படைப் பதிவின் கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய். பாக்கெட்டில் பெயர், நிகர எடை, விலை, தயாரித்த தேதி, புகாருக்கு ஒரு போன் நம்பர் இவையெல்லாம் இருந்தே ஆக வேண்டும். இவற்றைத் தொல்லை என்று பார்க்கிறவர்கள் அதிகம். பெயர் தெரியாத பாக்கெட்டைக் கையில் எடுக்கும் அந்நியர் முதலில் திருப்பிப் பார்ப்பது இந்த வரிகளைத்தான்.

2023 அக்டோபர் முதல், ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லாத சிறு வியாபாரிகளும் மாநிலத்துக்குள் ஆன்லைன் தளங்கள் வழியாக விற்கலாம். கதவு திறந்திருக்கிறது என்று உடனே ஓட வேண்டாம். தளத்தின் கமிஷனையும் திரும்பி வரும் பார்சலையும் முறுக்குக் கணக்கில் சேர்த்துப் பார்த்தபின் போகலாம்.

கற்றுக்கொள்ள இடம் இருக்கிறது. தமிழ்நாடு அரசின் தொழில்முனைவோர் மேம்பாடு மற்றும் புத்தாக்க நிறுவனம் டிஜிட்டல் மார்க்கெட்டிங்கிலிருந்து யூடியூப் சேனல் தொடங்குவது வரை குறுகிய பயிற்சிகள் நடத்துகிறது. மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டால் வழி சொல்வார்கள். 1989-இல் தருமபுரியில் தொடங்கிச் சில ஆண்டுகளில் சேலத்துக்கும் வந்த சுயஉதவிக் குழு இயக்கத்துக்கு இன்று பூமாலை வணிக வளாகம், கண்காட்சி, கல்லூரிச் சந்தை எல்லாம் உண்டு. இவற்றில் கல்லூரிச் சந்தைதான் எனக்குப் பிடித்தது. அதிகாரி திறந்து வைக்கும் கண்காட்சியில் வந்தவர்கள் மரியாதைக்கு ஒரு பாக்கெட் வாங்கிப் போவார்கள். கல்லூரிப் பிள்ளைகள் மரியாதை பார்ப்பதில்லை. உப்பு ஜாஸ்தி, கவர் அசிங்கமாக இருக்கு என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்கள். எத்தனை குழுக்கள் அதைக் குறித்து வைத்துக்கொண்டு அடுத்த முறை மாற்றிக்கொண்டு வருகின்றன என்பதுதான் சந்தேகம். மூன்று நாள் ஸ்டால் போட்டு விற்றுத் தீர்ந்த கையோடு, வாங்கியவர் ஒருவரின் போன் நம்பர்கூட இல்லாமல் வீடு திரும்புகிறவர்களே அதிகம்.

ஆகவே, தொழில் தொடங்கியிருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். லோகோ, பிளெக்ஸ், இன்ஸ்டாகிராம் பக்கம் எல்லாம் பிறகு ஆகட்டும். உங்கள் பொருளைக் காசு கொடுத்து வாங்கிய முதல் ஐம்பது பேரின் பெயரையும் நம்பரையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒரு மாதம் கழித்து அவர்களை நீங்களே கூப்பிட்டு மூன்று விஷயம் கேளுங்கள்: எதற்காக வாங்கினீர்கள், மறுபடி வாங்கினீர்களா, வாங்கவில்லை என்றால் அதற்குப் பதில் எதை வாங்கினீர்கள்? ஆள் வைத்துக் கூப்பிட வேண்டாம், நீங்களே கூப்பிடுங்கள். மூன்றாவது கேள்விக்கு அவர்கள் சொல்லும் பதிலைப் பார்த்து அடுத்த மாத விலையை முடிவு செய்யுங்கள்.